சர்க்கார் பாக்கியும் சங்கத்தின் கடனும்

கடன் பத்திரம் எழுதி வாங்கி, நிலத்தையும் ஈடாகப் பெற்றுவிட்டால், சங்கத்தின் பணம் பத்திரமாயிருக்கிறது என்று எண்ணுவது பல பஞ்சாயத்தார்களின் வழக்கம். ஈடு வைத்த நிலத்தின் விலை, கொடுத்த கடனைப்போல் இரட்டிப்பாயிருந்தால் அந்த எண்ணம் இன்னும் உறுதிப்படும். ஆயினும் அந்த நிலத்தின் மீது சங்கத்திற்கு முன்னரே ஒரு கடன்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பத்திரம் எழுதி வாங்கியவரல்லர். ரிஜிஸ்தர் செய்தவரும் அல்லர். சங்கம் எந்தத் தேதியில் ஈடு பெற்றாலும் அதற்கு முந்திய இடத்திலேயே இருப்பவர். அவர்தாம் சர்க்கார்.

வரி பாக்கி வசூலில் சர்க்காருக்கு உள்ள முன்பாத்தியதை இன்னதென்பதையும், அதனால் சங்கத்திற்கு நேரக்கூடிய நஷ்டம் எவ்வளவென்பதையும், அந்த நஷ்டத்தைத் தவிர்க்கச் சட்டமே காட்டியிருக்கும் வழிகள் யாவை என்பதையும் அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. முன்பாத்தியதையின் வேர்

ஒரே கடன்தாரரிடம் அரசருக்கும் குடிகளில் ஒருவருக்கும் பணம் வரவேண்டியிருந்து, இருவருக்கும் கொடுக்கச் சொத்து போதாதிருந்தால், அரசருடைய கடனே முதலில் தீரவேண்டும் என்பது இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம். கம்பெனி ஆட்சியின் பின் இந்நாட்டு ஹைகோர்ட்டுகளும் அதனைக் கைக்கொண்டன. பம்பாய் ஹைகோர்ட்டு 1868-ல், கலைக்கப்பட்ட ஒரு கப்பல் கம்பெனியின் சொத்து விஷயத்தில், சர்க்காருக்கு முதலிடம் உண்டென்று தீர்மானித்தது. சென்னை ஹைகோர்ட்டின் முழு பெஞ்சு 1938-ல் மதுரை வருமானவரி அதிகாரி சம்பந்தப்பட்ட வழக்கில் அவ்விதமே தீர்ப்புக் கூறிற்று. டிக்கிரி பெற்ற கடன்காரர் ஒருவர் செலவு செய்து, சிரமப்பட்டு, கடன்தாரரின் சொத்தை ஏலத்திற்குக் கொண்டுவந்து பணத்தைக் கோர்ட்டில் சேர்ப்பித்திருந்தாலும், அந்தப் பணத்திலிருந்து வருமானவரி பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ள சர்க்கார் கேட்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1950-ல் அரசியல் அமைப்புச் சட்டம் அமலுக்கு வந்தபின் அரசரும் இல்லை, மகுடமும் இல்லை. அப்படியிருக்க இந்த விதி எப்படி நிற்கும் என்ற கேள்வி எழுந்தது. 1965-ல் சுப்ரீம் கோர்ட்டு அதற்கு விடை கூறிற்று. அரசியல் அமைப்புக்கு முன் அமலிலிருந்த சட்டங்கள் அதன் 372-வது ஷரத்தின்படி தொடர்ந்து செல்லும். இவ்விதியும் அவற்றுள் ஒன்று. ராஜ்யத்தை நடத்த வரி இன்றியமையாதது ஆதலால் வரி பாக்கிக்கு இம்முதன்மை நியாயமே என்பது அத்தீர்ப்பு. ஆனால் சர்க்கார் வியாபாரி போல் இறங்கிச் செய்யும் கொடுக்கல் வாங்கலில் எழும் கடனுக்கு இவ்வாதாரம் அவ்வளவாகப் பொருந்தாது என்றும் அக்கோர்ட்டு எடுத்துக் காட்டிற்று.

இவ்விதியின் நியாயத்தை ஊராருக்குத் தெரிந்த முறையிலேயே விளக்கலாம். லேவாதேவிக்காரர் ஆளைப் பார்த்து, நாணயத்தைப் பார்த்து, ஈட்டைப் பார்த்துக் கடன் கொடுக்கிறார். பிடிக்காவிட்டால் கொடாமல் இருந்துவிடலாம். சர்க்கார் தன் கடன்தாரரைத் தேர்ந்தெடுப்பதில்லை. நிலம் யார் கையில் இருக்கிறதோ அவரே வரி கொடுக்கவேண்டியவர். அவர் கொடுக்காததை மற்றக் குடிகள் சுமக்க நேரும். ஒருவருடைய தனிக்கடன் தீர்வதற்காக ஊராருடைய பொதுப்பணம் குறைவுபடலாகாது என்பதே கருத்து.

2. எல்லா சர்க்கார் பாக்கியும் ஒரே தரத்தன அல்ல

சங்கத்தார் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான். சர்க்கார் பாக்கி என்ற பெயரைக் கேட்டவுடன் எல்லாவற்றிற்கும் ஒரே வலிமை உண்டென்று எண்ணி அஞ்சுவாரும் உளர். ஒன்றிற்கும் வலிமையில்லை என்று அலட்சியம் செய்வாரும் உளர். உண்மையில் அவை மூன்று தரமாக நிற்கின்றன.

முதல் தரம், அந்த நிலத்திற்கே உரிய தீர்வை. 1864-ஆம் ஆண்டின் சென்னை ரெவினியூ வசூல் சட்டம் இன்றும் தமிழ்நாட்டுச் சட்டமாக வழங்கிவருகிறது. அதன் 2-வது பிரிவின்படி நிலமும், அதன் மேலுள்ள கட்டடங்களும், அதன் விளைவும் தீர்வைக்கு ஈடாகக் கருதப்படும். 42-வது பிரிவு இன்னும் கடுமையானது. தீர்வை பாக்கிக்காக நிலம் ஏலம் விடப்பட்டால், எல்லா வில்லங்கங்களும் நீங்கிய நிலமாகவே அது ஏலம் எடுத்தவர் கைக்குப் போகும். முந்திய ஈடானாலும் பிந்திய ஈடானாலும், ரிஜிஸ்தர் ஆனதாயினும் ஆகாததாயினும், நிலத்தை விட்டு அகன்றுவிடும். தீர்வையும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் பணம், கோர்ட்டு உத்தரவு தடுத்தாலன்றி, பாக்கிதாரரிடமே கொடுக்கப்படும்.

இரண்டாம் தரம், நிலவரி பாக்கியைப்போல் வசூலிக்கத்தக்க மற்றத் தொகைகள். இங்கே 'போல்' என்ற சொல்லை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஜப்தி, ஏலம் முதலிய வசூல் முறை ஒன்றாயிருப்பதனால் மட்டும் எல்லாவற்றிற்கும் தீர்வையின் இடம் கிடைத்துவிடாது. நிலத்தைத் தவிர வேறு காரணத்தால் வந்த பாக்கிக்காக ஒருவரது நிலம் விற்கப்படும்போது, 42-வது பிரிவின் பயன் தானாக வந்துவிடுவதில்லை என்று கோர்ட்டுகள் கொண்டிருக்கின்றன.

இத்தரத்துள் தக்காவிக் கடன் தனியே அறியத்தக்கது. தக்காவி இருவகை. கிணறு தோண்டுதல், வரப்பு கட்டுதல் முதலிய நிலச் சீர்திருத்தத்திற்காக 1883-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பது ஒன்று. விதை, மாடு முதலியன வாங்க 1884-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பது மற்றொன்று. பின்னது கடன் வாங்கினவரிடமும் ஜாமீன்தாரரிடமும் நிலவரி போல் வசூலிக்கத்தக்கது. முன்னதோ எந்த நிலத்தின் நன்மைக்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நிலத்தின் தீர்வையே போல அந்நிலத்தின் மீது வசூலிக்கத்தக்கது. கடன்தாரரின் பாத்தியதையின் மேல் ஏற்கனவே ஈடு பெற்றிருப்பவரையும் அது பின்னுக்குத் தள்ளும். ஆகவே, சங்கத்திற்கு ஈடாக இருக்கும் நிலத்தில் அங்கத்தினர் சர்க்கார் கடன் பெற்றுக் கிணறு தோண்டினால், அது நல்ல காரியமாயினும், சங்கம் அதனைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கலாகாது. நில அடமான பாங்கிகளுக்கு இவ்வபாயம் நேராதபடி 1934-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் தனிச்சட்டம் செய்யப்பட்டது. பாங்கிக்கு ஈடு எழுதிக்கொடுத்த பிறகு அளிக்கப்படும் அவ்விதத் தக்காவிக்கு அந்த ஈடு முந்தியதாகும் என்று அச்சட்டம் விதித்தது. கிராம நாணயச் சங்கத்தின் சாதாரண ஈட்டுக்கு அந்தப் பாதுகாப்பு அதனால் ஏற்படவில்லை.

மூன்றாம் தரம், வருமானவரி முதலிய பிற வரிகள். இவற்றிற்கு உள்ள பொதுவான முன்பாத்தியதை, ஈடில்லாத கடன்காரர்களை நோக்கியது மாத்திரமே. முறையாக ஈடு பெற்றிருக்கும் கடன்காரரை அது பின்னுக்குத் தள்ளாது. 2000-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இதனைத் தெளிவாக்கி, கூடவே மற்றொன்றும் கூறிற்று: ஒரு வரியைச் சொத்தின் மீது முதல் பாத்தியதையாகச் சட்டமே ஆக்கியிருந்தால், ஈடு பெற்றவரும் பின்னாலேதான் நிற்கவேண்டும். 2017-ஆம் ஆண்டின் சரக்கு சேவை வரிச் சட்டத்தில் இத்தகைய முதல் பாத்தியதைப் பிரிவு உண்டு. ஆதலால் கடை வைத்திருக்கும் அங்கத்தினருக்குக் கடன் கொடுக்கும் சங்கம், நிலத் தீர்வையோடு அவருடைய வியாபார வரியையும் விசாரித்தல் நலம்.

3. சங்கத்திற்கு உள்ள இடம்

சங்கத்திற்கும் சட்டம் ஒரு சலுகை அளித்தது. 1912-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, விதை அல்லது எருவுக்காகக் கொடுத்த கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்து 18 மாதத்திற்குள் அங்கத்தினரின் பயிரின் மீது, மற்றக் கடன்காரர்களுக்கு முன் சங்கம் பாத்தியதை கொண்டாடலாம். மாடு, தீனி, கருவி, கச்சாப் பொருள் இவற்றிற்காகக் கொடுத்ததற்கு அவ்வாறு வாங்கிய பொருள்களின் மீதே பாத்தியதை உண்டு. ஊர் லேவாதேவிக்காரர் களத்து மேட்டில் நெல்லை அளந்துகொண்டு போகாதபடி சங்கத்தைக் காத்த பிரிவு இது.

ஆனால் அப்பிரிவின் முதல் வாக்கியத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு. சர்க்காரின் நிலவரிக்கும், நிலவரியாக வசூலிக்கத்தக்க எந்தத் தொகைக்கும், நிலக்காரரின் குத்தகைக்கும் உட்பட்டே சங்கத்திற்கு இவ்வுரிமை என்பது அது. ஜமீன்களை சர்க்கார் மேற்கொள்ள 1948-ல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தபின் ஜமீன்தாரரைப் பற்றிய பேச்சு குறைந்துவிட்டது. சர்க்காரைப் பற்றிய நிபந்தனையே பெரிதும் கருதத்தக்கது. மேலே இரண்டாம் தரம் என்று பிரித்துக் காட்டிய தொகைகள் ஈட்டுக்கு முந்தாவிட்டாலும், பயிரின் மீது சங்கத்திற்கு உள்ள இந்தச் சலுகைக்கு முந்திவிடும் என்பதையும் கவனிக்க. சென்னை மாகாணம் 1932-ல் தனக்கெனக் கூட்டுறவுச் சட்டம் செய்துகொண்டது. பின்னர் 1961-லும் 1983-லும் புதுச்சட்டங்கள் வந்தன. சங்கத்தார் நடப்புச் சட்டத்தின் பிரதியொன்றைச் சங்க அலுவலகத்தில் வைத்திருந்து, முன்பாத்தியதைப் பிரிவை மகாசபையில் படித்துக் காட்டுதல் வேண்டும்.

4. ஓர் உதாரணக் கணக்கு

பழைய ரூபாய்க் கணக்கில் ஓர் உதாரணம் கொள்வோம். அங்கத்தினர் ஒருவருக்கு இரண்டு ஏக்கர் நிலம். ஊர் மதிப்பு 500 ரூபாய். சங்கம் அந்நிலத்தை ஈடாகப் பெற்று 400 ரூபாய் கொடுத்திருக்கிறது. அங்கத்தினர் இரண்டு பசலிக்குக் கிஸ்தி கட்டவில்லை. பாக்கி 18 ரூபாய். வட்டியும் செலவும் 4 ரூபாய். ஆக 22 ரூபாய்.

நிலம் ஏலத்திற்கு வருகிறது. சர்க்கார் ஏலத்தில் நிலம் அதன் முழு விலைக்குப் போவது அரிது. 190 ரூபாய்க்கு ஏலம் முடிகிறதென்று வைத்துக்கொள்வோம். சர்க்கார் 22 ரூபாயை எடுத்துக்கொள்ளும். மிச்சம் 168 ரூபாய். சங்கம் விழித்திருந்து அந்தப் பணத்தைப் பெற்றால் அதன் நஷ்டம் 232 ரூபாய். விழியாதிருந்து, பாக்கிதாரர் அதனையும் வாங்கிக்கொண்டு போய்விட்டால், 400 ரூபாய்க்கும் நிலத்தில் ஈடு இல்லை. கையெழுத்து ஒன்றே மிச்சம்.

முற்காலத்துக் கிராமச் சங்கங்களில் அங்கத்தினர் பொறுப்பு அளவற்றதாயிருந்தது. நாற்பது பேர் கொண்ட சங்கத்தில் 232 ரூபாய் நஷ்டமென்றால் தலைக்கு ஏறக்குறைய 6 ரூபாய். கிஸ்தியைக் காலத்தில் கட்டிய முப்பத்தொன்பது பேர், கட்டாத ஒருவருக்காகத் தண்டம் கொடுத்த கணக்காகும் இது. பொறுப்பு வரையறுக்கப்பட்ட சங்கங்களிலும் நஷ்டம் எங்கோ மறைந்துவிடுவதில்லை. பங்குத்தொகையையும் சேமநிதியையும் அது தின்னும்.

இனி மறுபக்கம் பார்க்க. ஏலத்திற்கு முன் சங்கம் தானே 22 ரூபாயைக் கட்டியிருந்தால், 422 ரூபாய்க்கு 500 ரூபாய் பெறுமான நிலம் ஈடாக நின்றிருக்கும். இருபத்திரண்டு ரூபாயைக் கட்டாமல் நானூறு ரூபாயை இழப்பது எவ்வகைச் சிக்கனமும் ஆகாது.

இதில் சூதுக்கும் இடமுண்டு. வேண்டுமென்றே கிஸ்தியை நிறுத்தி, நிலத்தை ஏலத்திற்கு வரவிட்டு, உறவினர் பெயரில் தாமே எடுத்துக்கொண்டு, ஈட்டை ஒழித்துவிடலாம் என்று எண்ணும் கடன்தாரர்களும் இல்லாமல் இல்லை. சூது மெய்ப்பிக்கப்பட்டால் கோர்ட்டுகள் அதற்கு இடங்கொடா. ஆனால் மெய்ப்பிக்கும் பாரமும், வக்கீல் செலவும், ஆண்டுக்கணக்கான அலைச்சலும் சங்கத்தினுடையவை.

5. கடன் கொடுக்குமுன் செய்யவேண்டுவன

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும். கடன் மனு வந்தவுடன் பஞ்சாயத்தார் கீழ்க்கண்டவற்றை விசாரித்தறிதல் முறை.

முதலாவது, கிஸ்தி ரசீது. பசலி ஜூலை மாதம் முதல் தேதி தொடங்குவது. நடப்புப் பசலிக்கும் சென்ற பசலிக்கும் தீர்வை கட்டிய ரசீதை மனுவோடு வாங்கவேண்டும். முற்காலத்தில் கர்ணமும் கிராம முன்சீபும் ஊரிலேயே இருந்து இதனைச் சொல்லிவந்தார்கள். 1980-ல் தமிழ்நாட்டில் அப்பரம்பரை உத்தியோகங்கள் எடுபட்டன. அதன்பின் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறியவேண்டும்.

இரண்டாவது, வில்லங்கச் சான்று. இதனைப் பலர் முழுக் காப்பு என்று நம்புகிறார்கள். ரிஜிஸ்தர் ஆபீஸில் பதிவானவையே அதில் தெரியும். தீர்வை பாக்கி ரிஜிஸ்தர் ஆவதன்று. ஆகவே, 'வில்லங்கம் இல்லை' என்ற சான்றுக்கும் தீர்வை பாக்கிக்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. 1883-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியான தக்காவி உத்தரவின் பிரதியை மட்டும் ரிஜிஸ்தர் அதிகாரிக்கு அனுப்பவேண்டுமென்று பதிவுச் சட்டத்தின் 89-வது பிரிவு விதிக்கிறது. அது வில்லங்கத் தேடுதலில் தெரியவரும். விதைக்கும் மாட்டிற்கும் வாங்கிய தக்காவி, நில ஈடு எழுதப்படாதிருந்தால், அங்கே தெரியாது. தாலுகா ஆபீஸில்தான் விசாரிக்கவேண்டும்.

மூன்றாவது, பட்டா. கூட்டுப் பட்டாவில் அடங்கிய நிலமாயின் மற்றப் பட்டாதாரர்களும் தீர்வை கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். அங்கத்தினர் தம் பங்கைத் தவறாமல் கட்டினாலும், கூட்டாளி கட்டாததனால் முழுப் பட்டாவுக்கும் தொல்லை வரக்கூடும்.

நான்காவது, பாக்கி இருந்தால் அதனாலேயே மனுவைத் தள்ளிவிடவேண்டுவதில்லை. கிஸ்தி கட்டுவதற்காகக் கடன் கொடுப்பது சென்னை மாகாணத்துச் சங்கங்களில் நெடுநாளாக ஒப்புக்கொள்ளப்பட்ட நோக்கமே. கொடுக்கும் கடனில் பாக்கித் தொகையைப் பிரித்து, அங்கத்தினர் கையில் கொடாமல் நேரே கட்டி, ரசீதைக் கடன் பத்திரத்தோடு சேர்த்து வைத்தால் சர்க்காரும் தீர்ந்தது, சங்கத்தின் ஈடும் தெளிந்தது. பத்திரத்திலும், 'ஆண்டுதோறும் தீர்வை ரசீதைச் சங்கத்திற்குக் காட்டுவேன். தவறினால் சங்கம் கட்டிய தொகை கடனோடு சேரும்' என்று ஒரு நிபந்தனை எழுதிக்கொள்ளுதல் நன்று.

6. நோட்டீஸ் வந்தபின்

எல்லா ஜாக்கிரதையும் செய்தும் நிலம் ஜப்தியாகிவிட்டால், 1864-ஆம் ஆண்டுச் சட்டமே வழி காட்டுகிறது. தீர்வைக்காக நிலத்தை விற்குமுன் குறைந்தது ஒரு மாதத்திற்கு முன்னதாக ஏல விளம்பரம் வெளியாகவேண்டும். அந்த ஒரு மாதம் சங்கத்திற்குக் கிடைத்த அவகாசம். செயலாளர் ஏல விளம்பரங்களைத் தவறாமல் பார்த்து, சங்கத்தின் ஈட்டுப் புத்தகத்தோடு சர்வே நம்பரை ஒத்துப்பார்த்தல் வேண்டும்.

சட்டத்தின் 35-வது பிரிவின்படி, நிலத்தில் பாத்தியதை கொண்டாடும் எவரும் பாக்கி, வட்டி, செலவு இவற்றைக் கட்டி நிலத்தை மீட்கலாம். குத்தகைதாரர் கட்டினால் அத்தொகையைத் தாம் கொடுக்கவேண்டிய குத்தகையில் கழித்துக்கொள்ளலாம். ஈடு பெற்றவர் கட்டினால் அத்தொகை நிலத்தின் மீது பாத்தியதையாக ஏறும். ஆனால் மற்றப் பாத்தியதைகளோடு பார்க்கையில், பணம் கட்டிய தேதியைக் கொண்டே அதன் வரிசை அமையும். ஆகையால் ரசீது சங்கத்தின் பெயரிலும் சரியான தேதியிலும் இருப்பது அத்தியாவசியம். அங்கத்தினர் பெயரில் ரசீது வாங்கிவந்தால், கட்டியது யார் என்ற வாதம் பின்னால் எழும். ஈடு வைத்த சொத்தை ஏலத்திலிருந்து காக்கச் செலவிட்ட தொகையை அசலோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று சொத்து மாற்றச் சட்டத்தின் 72-வது பிரிவும் கூறுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிடில், அசலுக்குரிய வட்டியே அதற்கும் ஓடும். வட்டி வீதமே குறிக்கப்படாதிருந்தால் நூற்றுக்கு 9.

இவ்வாறு கட்டுவதற்கு எல்லை, ஏலத்திற்குக் குறித்த நாளுக்கு முந்திய நாள் சூரிய அஸ்தமனம் என்று 37-வது பிரிவு விதிக்கிறது. ஏல நாள் காலையில் பணத்தோடு ஓடிப் பயனில்லை. 'நாளைக்குத்தானே ஏலம்' என்ற பேச்சால் நிலங்கள் போய்விடும் இடம் இது.

7. ஏலம் முடிந்தபின்

ஏலம் முடிந்துவிட்டாலும் சங்கத்தார் கைவிரித்து நிற்கவேண்டுவதில்லை. ஏல நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள், நிலத்தில் பாத்தியதையுள்ளவர், ஏலத்தொகையில் நூற்றுக்கு 5 வீதமும், பாக்கியும் வட்டியும் செலவும் தாலுகா கஜானாவில் கட்டி, ஏலத்தை ரத்து செய்யும்படி மனுச்செய்யலாம். 5 வீதம் ஏலம் எடுத்தவருக்குப் பரிகாரமாகும். மேற்கண்ட உதாரணத்தில் 190 ரூபாய்க்கு அது 9 ரூபாய் 8 அணா. பாக்கி 22 ரூபாயோடு சேர்த்து 31 ரூபாய் 8 அணாவில் நிலம் மீளும். ஏலம் நடத்தியதில் முக்கியமான ஒழுங்கீனமோ, தவறோ, மோசடியோ இருந்தால், அக்காரணத்தைக் காட்டியும் அதே முப்பது நாட்களுக்குள் மனுச்செய்ய 38-வது பிரிவு இடந்தருகிறது.

இவ்விரண்டும் கூடாமற்போனால் மிச்சப் பணத்தையாவது பற்றவேண்டும். தீர்வை பாக்கிக்காக ஈட்டு நிலம் விற்கப்பட்டு, பாக்கி விழுந்தது ஈடு பெற்றவரின் தவறு அன்றாயின், ஏல மிச்சத்திலிருந்து தம் கடனைக் கேட்க அவருக்கு உரிமை உண்டென்பது சொத்து மாற்றச் சட்டத்தின் 73-வது பிரிவு. ஆனால் ரெவினியூ அதிகாரி அதனைத் தேடிவந்து சங்கத்திடம் கொடுக்கக் கடமைப்பட்டவரல்லர். பாக்கிதாரர் அதனை வாங்கிக்கொள்ளுமுன் கோர்ட்டில் தடையுத்தரவு பெறவேண்டும். இங்கே ஒவ்வொரு நாளும் பணம்.

8. முன்பாத்தியதைக்கும் எல்லை உண்டு

முன்பாத்தியதை எக்காலத்தும் மாறாதது என்றும் எண்ணலாகாது. இவ்விதி பிறந்த இங்கிலாந்திலேயே, திவால் விஷயங்களில் வரி பாக்கிக்கு இருந்த முதன்மை 2003-ல் எடுபட்டது; பின்னர் 2020 டிசம்பர் முதல் சில வரிகளுக்கு மட்டும் ஓரளவு திரும்பி வந்தது. இந்தியாவில் 1920-ஆம் ஆண்டின் திவால் சட்டம் சர்க்கார் கடனையும் ஸ்தலஸ்தாபனங்களின் கடனையும், வேலைக்காரர்களுக்குரிய சிறுதொகைக் கூலியையும் ஒரே முதல் வரிசையில் வைத்தது. 2016-ஆம் ஆண்டின் திவால் சட்டமோ, கம்பெனிகள் கலைக்கப்படும்போது வரி பாக்கியை ஈடு பெற்ற கடன்காரர்களுக்கும் தொழிலாளர் கூலிக்கும் பின்னால் வைத்திருக்கிறது. சர்பாசி என்று வழங்கும் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தில், முறைப்படி பதிந்த ஈட்டுக்கு வரிக்கு முந்திய இடம் தரும் பிரிவு 2020 ஜனவரி 24 முதல் அமலுக்கு வந்தது.

இச்செய்திகளைக் கேட்டு, 'இனி நமக்குப் பயமில்லை' என்று கிராமச் சங்கத்தார் கொள்ளவேண்டாம். கம்பெனித் திவால் சட்டம் உழவர் கடனைப் பற்றியதன்று. சர்பாசி சட்டம் விவசாய நிலத்தின் மீதான ஈட்டுக்குப் பொருந்தாது. உழவர் நிலத்தின் தீர்வைக்கு 1864-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த இடம் அப்படியே இருக்கிறது. தீர்வைத் தொகை சிறிதாயிருக்கலாம். அதனை ஒட்டிவரும் சட்டத்தின் வலிமை சிறிதன்று.

சர்க்காரின் முன்பாத்தியதை சங்கத்திற்குப் பகையன்று. அது ஒளிந்து வருவதுமன்று. எந்தப் பசலியில், எந்த மாதத்தில், எவ்வளவு என்று முன்னரே தெரிந்து வருவது. நஷ்டம் பாத்தியதையால் வருவதினும், அதனை விசாரியாத அசட்டையாலேயே மிகுதியாக வருகிறது. ஒரு கிஸ்தி ரசீதைக் கேட்டு வாங்கும் சிறு சிரமம், அங்கத்தினர் அனைவருடைய பணத்திற்கும் காவலாகும்.

மகாசபையில் கலந்து பேசுவதற்குரிய கேள்விகள்

1. சங்கத்திற்கு ஈடாயுள்ள நிலங்களில் எத்தனைக்கு நடப்புப் பசலியின் கிஸ்தி ரசீது கைவசம் இருக்கிறது?

2. 'நிலவரி' என்பதற்கும், 'நிலவரி போல் வசூலிக்கத்தக்க தொகை' என்பதற்கும் உள்ள வித்தியாசம் யாது? சங்கத்தின் ஈட்டை ஒவ்வொன்றும் எவ்வாறு பாதிக்கும்?

3. வில்லங்கச் சான்றில் தெரியும் சர்க்கார் கடன் எது? தெரியாதது எது?

4. அங்கத்தினருக்காகச் சங்கம் தீர்வை கட்ட நேர்ந்தால், ரசீது யார் பெயரில் இருக்கவேண்டும்? ஏன்?

5. ஏலம் திங்கட்கிழமை காலை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. பணம் கட்டக் கடைசி நேரம் எது? அந்த நாள் விடுமுறையாயின் சங்கத்தார் எப்பொழுதே விழித்துக்கொள்ள வேண்டும்?

6. 600 ரூபாய் ஈட்டுக்கடன் உள்ள நிலம் 34 ரூபாய் பாக்கிக்காக 280 ரூபாய்க்கு ஏலம் போய்விட்டது. ஏலத்தை ரத்து செய்யச் சங்கம் கட்டவேண்டிய தொகை எவ்வளவு? கட்டாவிட்டால் நேரக்கூடிய நஷ்டம் எவ்வளவு?